துரைஃப் வரை போகாத வண்டி

சென்ற வெள்ளிக்கிழமை அபுதாபி ருவைஸில் டூட்டி முடிந்து ரூமுக்கு வந்து பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தபோது, சவூதி அல் கோபாரிலிருந்து நண்பன் ஜோசப் கூப்பிட்டான். "செல்வம், நம்ம மீரான் பாய் போயிட்டாருடா" என்றான். கடையில் ஏணி மேல் நின்று சாமான் எடுத்துக்கொண்டிருந்தவர், நெஞ்சு அடைக்கிறது என்று இறங்கி உட்கார்ந்திருக்கிறார். ஆம்புலன்ஸ் வருவதற்குள் முடிந்துவிட்டது. அஸர் தொழுகைக்குப் பிறகு அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்களாம். ஒரு பூட்ஸ் காலோடு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

கோபாரில் இருந்த தமிழர்களில் பலருக்கு அவரைத் தெரியும். கீழக்கரைக்காரர். இருபத்தைந்து வருடம் ஒரே ஹார்டுவேர் கடையில் நின்றவர். நானும் கோபாரில் வேலை பார்த்த காலத்தில், அவரை முதலில் பார்த்தது ஒரு பழைய குழாய்க்கு வாஷர் தேடி அலைந்த நாளில். நாலு கடையில் "மாஃபி" என்று கையை விரித்துவிட்டார்கள். இவர் ஒவ்வொரு டப்பாவாக இறக்கிக் கொட்டி, அரை மணி நேரம் தேடி எடுத்துக் கொடுத்தார். "இல்லைன்னு சொல்றதுக்கு முன்னாடி ஒரு தடவை தொறந்து பாத்துரணும் செல்வம்" என்றார். அதற்கப்புறம் எனக்கும் ஜோசப்புக்கும் வெள்ளிக்கிழமை மாலை என்றால் அந்தக் கடை வாசல்தான்.

வடக்கே போகலாம் என்று சொன்னது அவர்தான். அது கோடையில் வந்த ஹஜ்ஜுப் பெருநாள். கோபாரில் புழுக்கம் தாங்கவில்லை. "அரார் தாண்டி துரைஃப்னு ஒரு ஊரு இருக்கு. ஜோர்டான் பார்டர் பக்கம். காத்துல ஈரமே இருக்காது. ராத்திரி போர்வை கேக்கும்" என்றார். எதையும் கேட்டு வாங்குகிற மனிதர் இல்லை அவர். அன்று அவர் ஆசைப்பட்டுக் கேட்டது எங்களுக்கு வேடிக்கையாக இருந்தது. என் பழைய காரில் மூவரும் கிளம்பினோம்.

ஹஃபர் அல் பாத்தின், ரஃப்ஹா என்று ஒரே நேர்கோடாக ரோடு. இருபக்கமும் மண்ணும் ஒட்டகங்களும்தான். ஜோசப் பாட்டாகப் பாடிக்கொண்டு வந்தான். பாய் பின் சீட்டில், பெருநாள் பிரியாணியைப் பொதிந்து வைத்த பாத்திரத்தை மடியில் பிடித்துக்கொண்டு, கடந்துபோகிற ஒவ்வொரு லாரியையும் திரும்பிப் பார்த்தார். அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் பார்த்ததே இல்லை.

அராரை நெருங்கும்போது காரில் ஏசி நின்றது. பெருநாள் லீவில் ஒர்க்‌ஷாப்புகள் பூட்டிக் கிடந்தன. ஒரு பாகிஸ்தானி மெக்கானிக்கைத் தேடிப் பிடித்து, சாமான் கிடைத்து, வண்டி சரியாவதற்குள் ஒரு முழு நாள் போய்விட்டது. துரைஃபுக்கு இன்னும் இருநூற்றைம்பது கிலோமீட்டர். ஒரு நாள் கழித்துக் காலையில் எனக்குப் பிளான்டை நிறுத்திப் பராமரிக்கும் ஷட்டவுன் வேலை. "கலாஸ், வந்தவரை போதும், திரும்பிடலாம்" என்று நான்தான் சொன்னேன். பாய் பையை எடுத்துப் பின்னால் வைத்தார்.

திரும்பி ஒரு மணி நேரம் வந்திருப்போம். பின்னாலிருந்து மெதுவாகச் சொன்னார்: "துரைஃப்லதான் எங்க வாப்பா அடங்கியிருக்காக."

ஜோசப் பாட்டை நிறுத்தினான்.

"லாரி ஓட்டுனாக. எனக்கு அஞ்சு வயசு. அந்த ஊர்ல ஆக்ஸிடென்ட். இங்கே கபுர்ல பேரெல்லாம் எழுத மாட்டாக, எதுன்னு தெரியாது. மையவாடி வாசல்ல நின்னு ஒரு துஆ கேட்டாப் போதும்னு உம்மா சொல்லிவிட்டாக."

"திருப்புடா செல்வம்" என்றான் ஜோசப்.

நான் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுக்கவில்லை. "முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா பாய்? இப்போ திரும்பினா ஒரு நாள் போயிரும். எனக்கு டூட்டி இருக்கே. அடுத்த பெருநாளைக்குக் கண்டிப்பாப் போறோம்" என்றேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே ரோட்டில் திரும்புகிற இடம் ஒன்று வந்தது. பார்த்தேன். தாண்டிவிட்டேன்.

"அதனால என்ன, போவோம். நீங்க ரோட்டப் பாத்து ஓட்டுங்க" என்றார் பாய். ரஃப்ஹாவில் நிறுத்தி அவர்தான் எங்களுக்கு டீ வாங்கிக் கொடுத்தார்.

கோபார் திரும்பிப் பார்த்தால், அந்த ஷட்டவுன் வேலை இரண்டு நாள் தள்ளிப்போயிருந்தது. அதை அவரிடம் நான் சொல்லவில்லை. அடுத்த பெருநாளைக்கு அவர் ஊருக்குப் போனார். அதற்கடுத்த வருடம் எனக்கு ருவைஸில் வேலை கிடைத்தது. போனில் பேசும்போதெல்லாம் என் பிள்ளைகளைப் பற்றிக் கேட்பார். துரைஃப் என்ற பேரை அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

துக்கம் விசாரிக்க மறுநாள் கீழக்கரைக்குப் போன் செய்தேன். அவர் மனைவி என் குரலைக் கேட்டதும் அழுதார். "அண்ணே, நீங்கதானே அவுகள வாப்பாட கபுருக்குக் கூட்டிட்டுப் போனீக. வாசல்ல நின்னு துஆ கேட்டேன்னு மாமிகிட்ட அவுக சொன்னப்ப, மாமி எவ்வளவு அழுதாக தெரியுமா? மாமி மவுத்தாகுற வரைக்கும் ஒங்களுக்கும் சேத்துத்தான் துஆ கேட்டாக."

ஏதோ சொல்லிப் போனை வைத்துவிட்டேன். மூன்றாம் நாள் மறுபடி கூப்பிட்டு, அராரில் திரும்பியதிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்போ என்கிட்டயும் பொய்தான் சொன்னாகளா?" என்றார்.

"என்னால சொன்ன பொய்ம்மா அது."

"மாமி உசுரோட இல்லாத நேரத்துல சொன்னீகளே, அது போதும்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். மன்னித்தாரா என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் எனக்கு வாய் வரவில்லை.

அவரை அறிந்தவர்கள் நல்ல மனிதர் என்று பேசுவதை இந்த நாட்களில் நிறையக் கேட்கிறேன். அந்த நல்ல மனிதர் வாழ்க்கையில் ஒரு தடவை எங்களிடம் ஒன்று கேட்டார், நான் கொடுக்கவில்லை. அதையும் சேர்த்துத்தான் நான் அவரை நினைக்க வேண்டியிருக்கிறது.

இப்போது யாராவது என்னிடம் ஒரு விஷயத்தை ஒரே ஒரு தடவை, மெதுவாகச் சொல்லிவிட்டு அடங்கிப்போனால் எனக்குப் பயம் வந்துவிடுகிறது. கையில் இருக்கும் வேலையை விட்டுவிட்டு, என்னவென்று திரும்பக் கேட்கிறேன். மீரான் பாயிடமிருந்து என்னிடம் தங்கியிருப்பது அதுதான். அவருக்குத்தான் அது உதவவில்லை.