புது வண்டிக்குக் கொப்பு கட்டவில்லை

நான் நாலாவது வரைதான் படித்தேன். எழுதிப் பழக்கமில்லை. சொல்லவேண்டிய ஆளிடம் வாயால் சொல்லவில்லை. அதனால் எழுதுகிறேன்.

ஐம்பதுகளின் கடைசியில் திண்டுக்கல்லில் ஒரு வாடகை சைக்கிள் கடையில் வேலை பார்த்தேன். பஞ்சர் ஒட்டுவேன். சக்கரத்துக்குக் கோட்டம் எடுப்பேன். அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது இருக்கும்.

எங்கள் ஊர் தட்டையான ஊர். கோட்டைப் பாறையை விட்டால் ஏறி இறங்க ஒன்றுமில்லை. வண்டி நிற்கவேண்டுமென்றால் காலை ஊன்றுவார்கள். முன் டயரில் செருப்பைக் கொடுத்து நிறுத்துகிறவர்களும் உண்டு. பிரேக் சரியில்லை என்று யாரும் எங்கள் கடைக்கு வண்டியைத் திருப்பிக் கொண்டுவந்ததில்லை. மணி அடிக்கவில்லை என்றுதான் சண்டைக்கு வருவார்கள்.

மழைக்காலத்தில் கடையில் ஒரு வேலை உண்டு. சாயங்காலம் வண்டிகளைத் துடைத்து, பழந்துணியில் தேங்காய் எண்ணெய் தொட்டு ரிம்முக்கும் ஹேண்டில்பாருக்கும் பூசி வைப்போம். துரு ஏறாது. மறுநாள் புழுதியில் ரெண்டு சுற்று ஓடினால் எண்ணெய் போன இடம் தெரியாது. அந்த வேலையை நான் நன்றாகச் செய்வேன். என் கை பட்ட ரிம் வெள்ளிபோல இருக்கும் என்று முதலாளியே சொல்லுவார்.

வத்தலக்குண்டுக்கு மேலே, மலையில் ஒரு காப்பித் தோட்டம். அதன் கணக்கப்பிள்ளை எங்கள் கடைக்குப் பழக்கம். தோட்டத்துச் சைக்கிள்களைப் பழுது பார்க்க லாரியில் என்னை ஏற்றிக்கொண்டு போவார். மூன்று தடவை போயிருக்கிறேன். அதைக் கடையில் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அது ஒரு பள்ளிக்கூடத்து டிரில் மாஸ்டர் காதில் விழுந்தது.

"ஏலே, மலை ரோடு ஒனக்குத் தெரியுமா?" என்றார்.

"ஒவ்வொரு வளைவும் தெரியும் சார்."

லாரியில் உட்கார்ந்து பார்த்த வளைவுகள். அதை நான் சொல்லவில்லை.

ஆயுத பூஜை முடிந்த மறுநாள் அந்தத் தோட்டத்தைப் பார்க்கக் கிளம்பினோம். வாத்தியார்கள் ஆறு பேர். வழிகாட்ட நான், என் பழைய வண்டியில். அஞ்சு நாள் பயணம். அஞ்சு பேருக்கு எங்கள் கடை வண்டி. ஆறாவது ஆள் டிராயிங் மாஸ்டர். அவர் மட்டும் சொந்த வண்டி, வாங்கி ஒரு மாதம்கூட ஆகாத புது வண்டி. பூஜைக்கு வைத்த சந்தனம் மட்கார்டில் அப்படியே இருந்தது.

டிராயிங் மாஸ்டர் அதிகம் பேசமாட்டார். கரும்பலகையில் ஒரே இழுப்பில் வட்டம் போடுவார், காம்பஸ் வைத்துப் பார்த்தாலும் பிசகாது என்று மற்றவர்கள் சொன்னார்கள். என்னை 'தம்பி' என்று கூப்பிட்டது அவர் ஒருத்தர்தான். வழியில் சாப்பிட உட்கார்ந்தால், "தம்பி சாப்டாச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் பொட்டலத்தைப் பிரிப்பார்.

முதல் நாள் வத்தலக்குண்டு. சத்திரத்தில் படுத்தோம். ரெண்டாம் நாள் மலை. மலையில் சைக்கிள் ஓட்டினோம் என்று சொல்லக்கூடாது, தள்ளினோம். குரங்குகள் மதகுச் சுவரில் உட்கார்ந்து எங்களை வேடிக்கை பார்த்தன. "அதுக நம்மளப் பாத்து, ஏறி உக்கார ஒரு சாமான வச்சுக்கிட்டு நடந்து போறாங்களேன்னு நெனைக்கும்" என்றார் டிரில் மாஸ்டர். எல்லோரும் சிரித்தோம். ராத்திரி ரோட்டு வேலைக்காரர்கள் கொட்டகையில் தங்கினோம். மூன்றாம் நாள் மத்தியானம் தோட்டம் போய்ச் சேர்ந்தோம். காப்பி மூட்டை அடுக்குகிற கிட்டங்கியில் சாக்கு விரித்து இடம் கொடுத்தார் கணக்கப்பிள்ளை.

மறுநாள் முழுக்கத் தோட்டத்தைச் சுற்றினோம். பெரிய மரங்கள், அதில் மிளகுக் கொடி, அடியில் காப்பிச் செடி. வெயில் தரையில் விழாது. காலில் அட்டை ஏறும். டிராயிங் மாஸ்டர் ஒரு மரத்தடியில் உட்கார்ந்து படம் போட்டார். நான் வண்டிக்குக் காற்று அடிப்பதுபோல ஒரு படம். கொடுத்தார். பதிலுக்கு ஏதாவது செய்யவேண்டும் என்று இருந்தது.

சாயங்காலம் புகைபோல மஞ்சு இறங்கியது. வண்டிகள் எல்லாம் நனைந்து நின்றன. டிராயிங் மாஸ்டர் தன் துண்டால் ரிம்மைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"துரு ஏறிரும்போல இருக்கே தம்பி."

"விடுங்க சார். நான் பாத்துக்கிறேன்."

கிட்டங்கிக்குள் தள்ளிக்கொண்டு போனேன். தலைக்கு வைக்க எடுத்துப்போன தேங்காய் எண்ணெய்ப் புட்டி பையில் இருந்தது. கவிழ்த்தால் வரவில்லை. குளிரில் நெய்போல உறைந்துபோயிருந்தது. குச்சியை விட்டுத் தோண்டி எடுத்தேன். ஊரில் துணியில் தொட்டுத் தடவுகிற எண்ணெய், இங்கே கட்டியாக வந்தது. வந்ததை எல்லாம் பூசினேன். ரெண்டு ரிம்முக்கும், உள்பக்கம், வெளிப்பக்கம். வெள்ளையாக நின்றதைத் தேய்த்துப் பளபளப்பாக்கினேன். மற்ற அஞ்சு வண்டிக்கும் எண்ணெய் போதாது. இருந்திருந்தாலும் போட்டிருக்கமாட்டேன். அவருக்கென்று செய்தேன்.

பிரேக் கட்டை ரிம்மில்தான் பிடிக்கும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். தினம் பார்க்கிற வேலை. ஆனால் பிரேக் என்று ஒன்று தேவைப்படும் என்பதே என் புத்தியில் இல்லை.

அஞ்சாம் நாள் காலை. கணக்கப்பிள்ளை வெட்டுக்கத்தியோடு வந்தார்.

"கொப்பு கட்டிட்டு இறங்குங்க. இங்க எல்லாரும் அப்படித்தான் இறங்குவாக. பின்னால இழுபட்டா வண்டி ஓடாது."

இலையோடு கிளைகளை வெட்டிப் போட்டார். நான் கேரியரில் கட்டினேன். கடை வண்டிகளின் பிரேக் கட்டை எல்லாம் தேய்ந்தது என்று எனக்குத் தெரியும். அஞ்சு வண்டிக்கும் கட்டினேன். டிராயிங் மாஸ்டர் தன் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார்.

"எனக்கும் ஒண்ணு கட்டு தம்பி. எனக்கு இறக்கம்னா கொஞ்சம் பயம்."

"புது வண்டிக்கு எதுக்கு சார்? மட்கார்டுல கீறல் விழுந்துரும். இங்க பாருங்க, பிரேக்கு."

பிடித்துக் காட்டினேன். நின்ற வண்டியில் கட்டை ரிம்மைத் தொட்டது. அவ்வளவுதான் காட்டினேன். சாயங்காலம் எண்ணெய் பூசியது அப்போது நினைப்பிலேயே இல்லை.

"என்ன சார், படம் போடுறவருக்குப் பள்ளத்தப் பாத்தா பயமா?" என்றார் டிரில் மாஸ்டர். "தாள்ல ஒரு மலை வரைஞ்சு குடுங்க, அதுல இறங்கிருவாரு."

டிராயிங் மாஸ்டர் சிரித்தார். பிறகு கேட்கவில்லை. நான் என் வண்டிக்கும் கட்டவில்லை. அது நான் பார்த்துப் பார்த்து வைத்திருந்த வண்டி.

ரோடு வரைக்கும் ஏற்றம், தள்ளினோம். அங்கிருந்து இறக்கம். அஞ்சு வண்டியும் கொப்பை இழுத்துக்கொண்டு, தெருக் கூட்டுகிறதுபோலச் சத்தம் போட்டுக்கொண்டு மெதுவாகப் போயின. அடுத்து டிராயிங் மாஸ்டர். கடைசியில் நான்.

செத்த நேரத்தில் அவர் வண்டி வேகம் எடுத்தது. மணி அடித்தார். முன்னால் போன வண்டிகள் ஒதுங்கின. அவர் தாண்டிப் போனார். மணியை விடவில்லை. அடித்துக்கொண்டே போனார்.

"அட, மாஸ்டருக்கு வீரம் வந்துருச்சுடோய்!" என்று டிரில் மாஸ்டர் கத்தினார்.

எனக்குப் புரிந்துவிட்டது. நானும் வேகமாகப் போனேன். வளைவில் இடதுபக்கம் மேடு, வலதுபக்கம் பள்ளம். அவர் மேட்டுப்பக்கம் வண்டியைச் சாய்த்தார். யோசித்துத்தான் சாய்த்தார். பயந்த ஆள் செய்கிற காரியமில்லை அது.

நான்தான் முதலில் போய்ச் சேர்ந்தேன். அவர் மேட்டை ஒட்டிய தண்ணீர் ஓடைக்குள் கிடந்தார். வலது கை அடியில் மடங்கிக் கிடந்தது. கண் திறந்திருந்தது. வண்டி ரோட்டில் கிடந்தது.

நான் வண்டியிடம் போனேன்.

மண்ணை அள்ளினேன். முன் ரிம்மைத் தேய்த்தேன். பின் ரிம்மைத் தேய்த்தேன். எண்ணெயில் மண் ஒட்டிக் கறுப்பாக வந்தது. வேட்டி முனையால் துடைத்து மறுபடி மண்ணைப் போட்டேன். கொப்பு இழுபடுகிற சத்தம் மேலே கேட்டுக்கொண்டே இருந்தது. சத்தம் வளைவுக்கு வரும்வரை துடைத்தேன். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

பிறகுதான் அவரைத் தூக்கினேன்.

"வண்டிக்கு ஒண்ணும் ஆகலயே தம்பி?" என்றார்.

இடதுகை விரல்களில் பிரேக் கம்பியின் தடம் சிவப்பாகப் பதிந்திருந்தது. அம்புட்டு இறுக்கிப் பிடித்திருக்கிறார். வலதுகையைப் பார்க்க முடியவில்லை. மணிக்கட்டு இருக்கவேண்டிய இடத்தில் இல்லை.

மற்றவர்கள் வந்தார்கள். துண்டால் கைக்குத் தூளி கட்டினார்கள். டிரில் மாஸ்டர் வண்டியைத் தூக்கி நிறுத்திப் பார்த்தார்.

"ஏன் சார், பிரேக்கப் பிடிக்கிறத விட்டுட்டு மணிய அடிச்சிருக்கீரு?"

"பிடிச்சேன்னுதான் நெனைக்கிறேன்" என்றார் அவர். "பிடிச்சேனே."

"ஏலே, நீ சொல்லு. பிரேக்கு சரியா இருந்துச்சா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அவரும் பார்த்தார். வண்டி விஷயத்தில் நான் சொல்வதுதான் தீர்ப்பு.

"நல்லா இருந்துச்சு சார். பிடிச்சா நிக்கும்" என்றேன்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "அப்ப நான்தான் பதட்டத்துல விட்டுட்டேன் போல" என்றார்.

ஒரு லாரி வந்தது. கீழே கொண்டுபோனார்கள். எலும்பு சேர்ந்தது, கோணலாகச் சேர்ந்தது. சாப்பிடலாம், சட்டை போடலாம். கோடு இழுக்கமுடியாது. இடதுகையால் பலகையில் எழுதிப் பழகினார் என்று கேள்விப்பட்டேன். வட்டம் கோழிமுட்டை மாதிரி வருமாம்.

டிரில் மாஸ்டர் கெட்டவர் இல்லை. ஆனால் கதை சொல்லாமல் இருக்கமாட்டார். பள்ளிக்கூடம் முழுக்கப் பரவியது. மணி மாஸ்டர் என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவர் தெருவில் நடந்து போனால் சைக்கிளில் போகிற பையன்கள் வேண்டுமென்றே மணி அடிப்பார்கள். எங்கள் கடை வண்டிகள்தான். நான் மாட்டிக்கொடுத்த மணிகள்தான்.

போய்ச் சொல்லிவிடலாம் என்று ஒருநாள் அவர் வீட்டுக்குப் போனேன். அறுபதோ அறுபத்தொன்றோ. உள்ளே ஆட்கள் இருந்தார்கள். அவர் அந்தக் கதையை அவரே சொல்லிக்கொண்டிருந்தார். மணி அடித்ததை நடித்துக்கூடக் காட்டினார். எல்லோரும் சிரித்தார்கள். என்னைப் பார்த்ததும், "இந்தத் தம்பியக் கேளுங்க, கூடவே இருந்தான். பிரேக்கு நல்ல பிரேக்கு. ஆளுதான் சரியில்ல. இல்லையா தம்பி?" என்றார்.

நானும் சிரித்தேன். காப்பி கொடுத்தார்கள். குடித்துவிட்டு வந்தேன்.

அதற்கப்புறம் ரெண்டு மூணு வருடம் கழித்து அவரே கடைக்கு வந்தார். வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். அந்த வண்டிதான். அதில் அவர் அதற்குப் பிறகு ஏறவே இல்லை. வெளியூருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போகிறாராம். இங்கே இருக்கப் பிடிக்கவில்லை என்று சொல்லவில்லை. ஆனால் அவர் பேசும்போது ரோட்டில் ஒரு பையன் மணி அடித்துக்கொண்டு போனான். அவர் பேச்சை நிறுத்தி, அவன் போனபிறகு தொடர்ந்தார்.

"இத நீயே வச்சுக்க தம்பி. காசெல்லாம் வேணாம்."

"எனக்கு எதுக்கு சார்?"

"நான் விழுந்து கெடந்தப்ப நீ மொதல்ல வண்டியத்தான் போய்ப் பாத்த. மண்ணுல கெடந்தத எடுத்துத் தொடச்சுக்கிட்டு இருந்த. எனக்கு அது மறக்கல. ஒரு சாமான் மேல ஒருத்தனுக்கு அம்புட்டுப் பிரியம் இருக்கும்னு எனக்குத் தெரியாது. எங்கிட்டக் கெடந்து துரு ஏறுறதுக்கு ஒங்கிட்ட இருக்கட்டும்."

கடையில் வேறு யாரும் இல்லை. முதலாளி தொழுகைக்குப் போயிருந்தார். சொல்லியிருக்கலாம். ரெண்டு வார்த்தை. எண்ணெய் பூசியது நான், நீங்கள் பிரேக் பிடித்தீர்கள் என்று. சொல்லியிருந்தால் கை திரும்ப வராது. ஆனால் தான் பயந்து விட்டுவிட்டோம் என்ற எண்ணத்தை அவர் இங்கேயே போட்டுவிட்டுப் போயிருப்பார்.

"சரிங்க சார்" என்றேன். ஹேண்டில்பாரை வாங்கிக்கொண்டேன்.

அவர் இடதுகையால் சீட்டில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு நடந்து போனார். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் திரும்புகிறவரை பார்த்தேன். கூப்பிட்டால் கேட்கிற தூரம்தான்.

பிறகு வண்டியில் ஏறி, கடைக்கு முன்னால் ஒரு சுற்று வந்தேன். பிரேக்கைப் பிடித்தேன். பிடித்த இடத்தில் நின்றது.