இறால், எறும்பு, மாத்திரை

டெக்கா உணவங்காடியில் மீ கோரெங் நூடுல்ஸ் பாதி வாயில் இருக்கும்போதுதான் அது உறைத்தது.

"அக்கா, இறாலும் எறும்பும் தலைவலி மாத்திரையும் ஒரே ஆளை மூணு வாட்டி சாய்க்குமா?"

ஸ்டெல்லா அக்கா எங்கள் மருத்துவமனையின் கோடிங் பிரிவுத் தலைவி. "பேரு சொல்லாத. இங்க பாதிப் பேரு நம்ம பேஷண்டு லா," என்றார்.

டாக்டர் எழுதும் நோயை எண்ணும் எழுத்துமான கோடாக மாற்றுவது எங்கள் வேலை. ஒவ்வொரு அட்மிஷனும் தனிக் கணக்கு. பழையதை யாரும் புரட்டுவதில்லை. அந்த வாரம் எனக்குப் பழைய கோடுகளைச் சரிபார்க்கும் ஆடிட். மூன்று முறை மயங்கி விழுந்து வந்த ஒருவரின் அட்மிஷன்கள் மூன்றும் பக்கத்தில் பக்கத்தில் வந்து நின்றன. இறால் அலர்ஜி, எறும்புக்கடி, மருந்து அலர்ஜி என்று கோடுகள் மூன்றும் வேறு. மூன்றும் சரி. ஆனால் அவர் நலமாக இருந்த நாளில் எடுத்த ரத்தத்திலும் டிரிப்டேஸ் என்ற புரதம் ஏறியிருந்தது. அலர்ஜி ரசாயனத்தைக் கொட்டும் மாஸ்ட் செல்கள் அளவுக்கு மீறிப் பெருகினால் அப்படி ஏறும் என்று படித்திருக்கிறேன்.

அடுத்த வாரம் அவருக்குக் குடலிறக்க ஆபரேஷன் என்றும் கோப்பில் இருந்தது. மயக்க மருந்துகளில் சில அந்தச் செல்களைக் கிளறிவிடும்.

சாப்பாட்டைப் பாதியில் விட்டு அலுவலகத்துக்கு ஓடினேன். 'இது மாஸ்ட் செல் நோய்தானே?' என்று அவரைக் கடைசியாகப் பார்த்த டாக்டருக்கு ஒரு கேள்வி தட்டினேன். பின்னாலேயே மூச்சிரைக்க வந்த அக்கா அதை அழித்தார்.

"டாக்டர் எழுதாத நோய் நமக்கு நோயே இல்ல. கேள்வி கேளு, பதிலை ஊட்டாத."

மூன்று மயக்கங்களையும் டிரிப்டேஸ் அளவையும் மட்டும் வைத்து, 'இவற்றுக்குப் பொதுவான நோயறிதல் உண்டா?' என்று அனுப்பினேன். கால் தரையில் நிற்கவில்லை.

மாலையில் டாக்டரே அழைத்தார். "கடைசி அட்மிஷன் மட்டும்தாம்மா நான் பார்த்தேன். முன்னாடி ரெண்டும் வேற வார்டு. ஆபரேஷனைத் தள்ளி வைக்கச் சொல்லிட்டேன்."

எலும்பு மஜ்ஜைப் பரிசோதனைக்குப் பிறகு டாக்டர் எழுத்திலேயே வந்தது: சிஸ்டமிக் மாஸ்டோசைட்டோசிஸ், அதே மாஸ்ட் செல் நோய். அந்தக் கோடைத் தட்டும்போது என் விரல்கள் குதித்தன.

"லாட்டரி அடிச்ச மாதிரி இளிக்காத," என்றார் அக்கா. அவரும் இளித்துக்கொண்டுதான் இருந்தார்.

பாதுகாப்பான மருந்துகளைத் தேர்ந்தெடுத்து, பிறகு ஆபரேஷன் நடந்தது. அந்த டிஸ்சார்ஜும் என் மேசைக்கே வந்தது. குடலிறக்கம், மாஸ்டோசைட்டோசிஸ், வேறொன்றும் இல்லை. இவ்வளவு சப்பென்ற ரிப்போர்ட்டை இதற்கு முன் நான் இரண்டு முறை ரசித்துப் படித்தது இல்லை.

சரியான கோடு மட்டும் போதாது, பக்கத்துக் கோட்டையும் எட்டிப் பார்க்க வேண்டும். வெவ்வேறு அலர்ஜிகளுக்காகத் திரும்பத் திரும்ப வருகிறவர்களை ஒன்றாக வைத்துப் பார்க்க அனுமதி கேட்டேன்.

"மொதல்ல உன் ஆடிட்டை முடி," என்றார் அக்கா.

முடித்துவிட்டேன். வெள்ளிக்கிழமை தொடங்குகிறேன், இறால் அலர்ஜிக்காரர்களிலிருந்து.