லட்சுமியின் கம்பளி

செங்கம் ரோட்டில் நான் வேலை செய்யும் விடுதியில், மழையில் நனைந்த கம்பளியைக் கொடியில் போட்டேன். அந்த ஈர வாடையில் லட்சுமி நினைவில் வந்து நின்றாள். அப்பாவின் ஜட்கா வண்டிக் குதிரை.

அவள் முதுகுக் கம்பளிதான் சவாரிக்காரர்களுக்கு மெத்தை, மழைக்குப் படுதா, தம்பி பிறந்தபோது அம்மாவுக்கு மறைப்பு. கார்த்திகைக் குளிரில் அதைப் பிள்ளைகளான எங்களுக்குப் போர்த்துவார்கள். குதிரைமுடி மூக்கில் குத்தும். லட்சுமி வெறும் முதுகோடு நிற்பாள்.

அவள் செத்ததும் அப்பா அதைப் போர்த்தியே புதைத்தார்.

“இருக்கிறது அது ஒண்ணுதான். புள்ளைங்க எதப் போத்திக்கும்?” என்று அம்மா அழுதாள்.

“அது அவளுது. நாமதான் எரவல் வாங்கிப் போத்திக்கினு இருந்தோம்” என்றார் அப்பா.

விடுதிக் கம்பளியில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். எதுவும் குத்தவில்லை.