புள்ளிக்கோட்டு அறைகள்

கொச்சி மட்டாஞ்சேரி பஜாரில் யாருக்காவது இணையதளம் வேண்டுமென்றால் ஜஸ்னாவின் பெயரைத்தான் சொல்வார்கள். வயது முப்பத்தொன்பது. கல்லூரிப் பக்கம் போனதில்லை. பதினெட்டு வயதில் ஒரு டி.டி.பி. சென்டரில் கல்யாணப் பத்திரிகை டைப் அடிக்கச் சேர்ந்தாள். மிளகு ஏற்றுமதிக் கம்பெனிக்காரர் ஒருவர், "வெப்சைட் செய்யத் தெரியுமா?" என்று கேட்டபோது கூசாமல் "தெரியும்" என்று சொல்லிவிட்டு, மூன்று வாரம் மண்டையை உடைத்துக்கொண்டு கற்றுக்கொண்டாள். அன்றிலிருந்து ஏலம், சுக்கு, ஜாதிக்காய் என்று பஜாரின் பாதிக் கடைகளை அவள்தான் நெட்டில் ஏற்றியிருக்கிறாள். வீட்டில் பேசுவது ராவுத்தர் தமிழ். எழுதுவதும் வாசிப்பதும் மலையாளத்தில். தமிழ் போர்டுகளை எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள்.

போன வருஷம் மே மாதம் தன்யா என்ற ஆர்க்கிடெக்ட் அவளைக் கூப்பிட்டாள். அவள் வேலை பார்ப்பது, கொச்சியில் நாற்பத்திரண்டு வருஷமாக நடக்கும் கட்டடக்கலை நிறுவனத்தில். நடத்துகிறவர் சிவசங்கரன், பாலக்காட்டுத் தமிழர், எழுபதைத் தாண்டியவர். அவர்களுடைய பழைய தளத்தைத் திறந்தால் முதலில் வீணை ஒலிக்கும், பிறகு ஒரு கோபுரப் படம் சுழலும், கைபேசியில் பாதி தெரியாது. அதை மாற்ற வேண்டும்.

தன்யா ஒரு ஹார்ட் டிஸ்க்கைக் கொடுத்தாள். அதில் நூற்றுக்கணக்கான படங்கள்: ஆற்றங்கரை பங்களாக்கள், ரிசார்ட்டுகள், ஒரு வங்கியின் தலைமையகம். எல்லாம் அழகு. ஆனால் ஒரு படத்திலும் ஆள் இல்லை. வாசலில் ஒரு ஜோடி செருப்புகூட இல்லை.

"இதுலயெல்லாம் யாரும் தாமசிக்கறது இல்லையா சேச்சி?" என்று ஜஸ்னா கேட்டாள்.

தன்யா சிரித்தாள். "பெயின்ட் காயறதுக்குள்ள எடுத்த படம். ஆளுங்க வந்தப்புறம் யாரும் போய் எடுக்கலை."

ஜஸ்னாவுக்கு அது உறுத்தியது. வரைபடங்களையாவது பார்க்கிறேன் என்று கேட்டு, அலுவலகத்தின் பின்னறையில் இரண்டு நாள் உட்கார்ந்தாள். தகர அலமாரிகளில் சுருள் சுருளாக டிரேசிங் பேப்பர். சின்னச் சின்ன விஷயங்களுக்குக்கூட எத்தனை தாள்! கதவின் கைப்பிடிக்குத் தனியாக ஒரு தாள், மழைத்தண்ணீர் விழுகிற இடத்துக்கு ஒரு தாள். பென்சிலைத் தொட்ட கை நடுங்கியதே இல்லை போலும். கோடுகள் அப்படி ஓடின. பிரித்த சுருளை மூட மனமில்லாமல் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

இரண்டாம் நாள் மதியம், கீழ்த்தட்டில், 'ஏலூர் – 36 வீடுகள் – 1997' என்று எழுதிய சுருள் கிடைத்தது. நிறுவனத்தின் வேலைப் பட்டியலில் இந்தப் பெயரே கிடையாது. ஒப்பந்தத் தொழிலாளர்களின் கூட்டுறவுச் சங்கத்துக்காக வரைந்தது. ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் அறை, ஒரு சமையற்கட்டு, ஒரு குளியலறை, மொட்டைமாடிக்கு ஒரு படி. அவற்றைச் சுற்றிப் புள்ளி புள்ளியாகக் கோடு போட்டு இன்னும் மூன்று அறைகள்.

"இந்தப் புள்ளிக்கோடு எதுக்கு?"

"இப்ப கட்ட வேண்டாம், பின்னாடி கட்டிக்கலாம்னு அர்த்தம்" என்றாள் தன்யா. "அஸ்திவாரம் மட்டும் மாடியையும் தாங்கற மாதிரி போட்டிருக்கார் பாரு. இந்த ஜன்னலுக்குக் கீழ இருக்கற செங்கல்லை எடுத்தா அது கதவாயிடும்."

ஜஸ்னா வளர்ந்தது கிடங்கு ஒன்றின் மேல்தட்டில். ஏழு பேருக்கு ஒரே அறை, நடுவில் ஒரு சேலைதான் மறைப்பு. அண்ணன் ஆஸிமுக்கு நிக்காஹ் முடிந்த மாதமே, படுக்க இடமில்லாமல், அவன் களமசேரிக்குக் குடிபோனான். அம்மா அழுத அழுகை இன்னும் அவள் காதில் இருக்கிறது. பிள்ளை வளரும், மருமகள் வருவாள், பேரன் பிறப்பான் என்று முன்கூட்டியே ஒருவர் உட்கார்ந்து யோசித்து, பென்சிலால் புள்ளி வைத்திருக்க முடியும் என்பது அவளுக்கு அன்றுவரை தெரியாது.

மறுநாள் காலை எறணாகுளத்துக்குப் படகு ஏறி, அங்கிருந்து பஸ் பிடித்து ஏலூரில் இறங்கினாள். நல்ல மழை. உர ஆலையின் அமோனியா நெடி மூக்கைத் துளைத்தது. விசாரித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தவள் தெருமுனையிலேயே நின்றுவிட்டாள்.

ஒரே வரைபடத்திலிருந்து பிறந்த முப்பத்தாறு வீடுகள். ஒன்றைப் போல இன்னொன்று இல்லை. ஒன்றின் முன்னறை தையல் கடையாகியிருந்தது. ஒன்றின் மாடியில் டியூஷன் பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒன்றில் புறாக்கூண்டு. பச்சை, நீலம், கத்தரிப்பூ நிறம். ஆனால் கண்ணை இடுக்கிப் பார்த்தால் எல்லாவற்றுக்குள்ளும் அந்தப் புள்ளிக்கோடு தெரிந்தது.

"யாரைம்மா தேடுத? மழைல நனையாம கேறி வா!" என்று ஒரு கட்டுடம்புக்காரர் கூப்பிட்டார். தங்கதுரை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து உர மூட்டை தைக்க வந்து, இங்கேயே தங்கிவிட்டவர். கைபேசியில் எடுத்து வந்த வரைபடத்தை ஜஸ்னா காட்டினாள். அவர் அதை விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். பிறகு எழுந்துபோய்ப் பக்கத்து அறையில் நின்றார்.

"இது என் மக ஸுப்ரியா ரூம்லா? நாங்க வரும்போது அவ பொறக்கவே இல்ல. இதை எப்பம் வரைஞ்சாங்க?"

"நீங்க வர்றதுக்கு முன்னாடி."

அவர் சுவரைத் தடவிப் பார்த்தார். "அரை வீட்டைக் கொடுத்து ஏமாத்திட்டாங்கன்னு அன்னிக்கு அந்த சாரை வளைச்சுக்கிட்டு நாங்க பேசாத பேச்சில்ல. சாவியை அவரு காலடியில வீசினது நான்தான். மாடியில ஒண்ணுமே இல்ல, எதுக்குய்யா படின்னு கேட்டோம். அவரு பதில் சொல்லல. போயிட்டாரு. பின்னாடி அஸ்திவாரத்தைப் பாத்த மேஸ்திரிதான் இங்க சுவர் எழுப்பலாம்னு சொன்னாரு."

அன்று ஜஸ்னா இருபத்தொன்பது வீடுகளுக்குள் போனாள். எட்டு இடத்தில் சாயா குடித்தாள்.

புதிய தளத்தின் முதல் பக்கத்தில் ஏலூரை வைத்தாள். திரையில் முதலில் வரைபடம் தோன்றும். விரலால் தள்ளத் தள்ளப் புள்ளிக்கோடுகள் ஒவ்வொன்றாகச் சுவராகி, கடைசியில் துணி காய்கிற, புறா பறக்கிற இன்றைய தெரு வரும். சிவசங்கரனிடம் அதைக் காட்டியபோது அவர் பாதியிலேயே கண்ணாடியைக் கழற்றினார்.

"இது வேண்டாம். எடுத்துடு ஜஸ்னா. தோத்த வேலையாக்கும் அது. அவா முகத்துல முழிக்க தைரியம் இல்லாம நான் அந்தப் பக்கமே போனதில்லை."

"சார், இது நான் போன வாரம் எடுத்த படம். தோத்த வீடு இப்படியா இருக்கும்? ஒரு தடவை வந்து பாருங்க. அப்புறமும் வேண்டாம்னா எடுத்துடறேன்."

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வந்தார். காரைவிட்டு இறங்கித் தெருமுனையில், அவள் நின்றதைப் போலவே, நின்றார். தங்கதுரை வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு வந்து அவர் கையைப் பிடித்தார். மன்னிப்பு என்று ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. "வாங்க சார், மாடிக்குப் போவோம்" என்றார். வயதானவர் படியில் ஒவ்வொன்றாகக் கால் வைத்து ஏறினார். மேலே ஸுப்ரியாவின் கைக்குழந்தை தொட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தது. ஜன்னல் வழியாகப் பெரியாற்றுக் காற்று வந்து தொட்டில் துணியை அசைத்தது. சிவசங்கரன் அந்த ஜன்னலையே பார்த்தார்.

"நான் நினைச்சதைவிட இவா நன்னாக் கட்டியிருக்கா" என்றார். "இந்த ஜன்னலை நான் வரையலை. இது எனக்குத் தோணலையாக்கும்."

எந்தத் திசையிலிருந்து காற்று வரும் என்று எப்படித் தெரிந்தது என்று கேட்டார். மேஸ்திரியிடம் என் பெண்டாட்டி சொன்னாள் என்றார் தங்கதுரை. சிவசங்கரன் பையிலிருந்து நோட்டை எடுத்து, அந்த ஜன்னலை நின்றபடியே வரைந்துகொண்டார்.

தளம் ஆகஸ்டில் வெளியானது. ஏலூர்தான் முதல் பக்கம். பங்களா கட்டுகிறவர்கள் வழக்கம்போலக் கூப்பிடுகிறார்கள். அவர்களோடு, இரண்டு சென்ட் நிலம் வைத்திருப்பவர்களும் இப்போது கூப்பிட்டு, "அந்தப் புள்ளிக்கோடு வீடு எங்களுக்கும் போட்டுத் தருவீங்களா?" என்று கேட்கிறார்கள். தன்யா அவர்களுக்கென்று சனிக்கிழமைகளை ஒதுக்கிவிட்டாள்.

நிறுவனம் கட்டிய கட்டடங்கள் இருநூற்றுப் பன்னிரண்டு. அத்தனையிலும் இன்று யார் இருக்கிறார்கள் என்று பார்த்துப் படமெடுக்கும் பொறுப்பு ஜஸ்னாவுக்கு. இதுவரை முப்பத்தொன்றுதான் முடிந்திருக்கிறது. போன வாரம் இடக்கொச்சியில் ஒரு இறால் உரிக்கும் கொட்டகை. நடு மத்தியானம், வெளியே தகிக்கிறது. உள்ளே அறுபது பெண்கள் பேசிச் சிரித்துக்கொண்டு வேலை செய்கிறார்கள். ஒரு மின்விசிறிகூட ஓடவில்லை, யாருக்கும் வியர்க்கவில்லை. கூரை எங்கோ உயரத்தில் வாய் திறந்து வெக்கையை வெளியே விட்டுக்கொண்டிருந்தது. இதைக் கட்டினது யார் என்று அவர்களில் ஒருத்திக்கும் தெரியவில்லை. ஜஸ்னா படமெடுக்க மறந்து, தலையை அண்ணாந்தபடி நின்றாள்.