மூதேவியின் கயிறு

என் அக்கா புருஷனுக்குப் பந்தய மைதானத்தில் சிடுமூஞ்சி என்று பெயர். பொருத்தமான பெயர்தான். சிரித்தால் அபராதம் போடுவார்கள் என்று யாரோ மிரட்டி வைத்த மாதிரி இருப்பார். மீசை முளைக்காத வயதில் ஜாக்கி ஆகிறேன் என்று வந்தவர், வந்த இடத்தில் கிடுகிடுவென்று வளர்ந்து தொலைத்தார். இந்த எடையைச் சுமந்தால் குதிரை நாளைக்குத்தான் வந்து சேரும் என்று சிரித்துவிட்டு, குளிப்பாட்டித் தீனி போடும் வேலைக்கு அனுப்பிவிட்டார்கள். அந்த வேலையிலேயே தலை நரைத்துவிட்டது. நானும் அங்கேதான் சேணம் தைக்கிறேன். அதனால் இது கேட்ட கதை இல்லை, பார்த்த கதை.

மாமாவின் பொறுப்பில் இரண்டு குதிரைகள். பந்தயப் புத்தகத்தில் அவற்றுக்கு ராஜா ராணி கணக்காகப் பெயர்கள் உண்டு. மாமா வைத்த பெயர் வேறு. பெண் குதிரை மூதேவி, ஆண் குட்டி தண்டம். மற்ற குதிரைக்காரர்கள் கண்ணே, ராஜா என்று கொஞ்சுவார்கள். இவர் வாளியை வைக்கும்போதே ஆரம்பித்துவிடுவார்.

"தின்னு, மூதேவி. தின்னுட்டு கடைசியா வந்து நில்லு. ஏன்டா தண்டம், உனக்கு வேற தனியா சொல்லணுமா?"

இரண்டும் காதை அவர் பக்கம் திருப்பிக்கொண்டு தின்னும். திட்டு விழாத நாளில் வாளியில் வாய் வைக்காது. "என்னைக்கூட இவ்வளவு அக்கறையா திட்டினதில்ல இந்த மனுஷன்" என்று அக்கா புலம்புவாள்.

வேலையை விட்டு நீக்கிய ஆத்திரத்தில் காவல்காரன் ஒருவன் லாயத்து வைக்கோலில் பெட்ரோலை ஊற்றிக் கொளுத்தினான். பட்டப்பகல். கோப்பைக்கான பந்தயம் நடந்துகொண்டிருந்ததால் கூட்டமெல்லாம் மைதானத்துப் பக்கம். பாவி, நாசமாய்ப் போக! அவனைப் பிடித்து உள்ளே போட்டுவிட்டார்கள். எனக்கு வயிறு எரிவது இன்னொருவரை நினைத்து.

லாயத்தில் வேலை பார்க்கிற எல்லோருக்கும் ஒன்று தெரியும். பயந்த குதிரை லாயத்தில் தான் நிற்கிற கொட்டடிக்குத்தான் ஓடும். அந்தக் கொட்டடியே எரிந்தாலும் ஓடும், அதற்கு அதுதான் வீடு. வெளியே இழுத்து வந்தால் மட்டும் போதாது. பிடித்த பிடியை விடக்கூடாது. மாமா சட்டையைக் கழற்றித் தண்டத்தின் கண்ணைக் கட்டி வெளியே கொண்டுவந்தார். எதிரே கோட்டும் சூட்டுமாகப் பந்தயச் சங்கத்துச் செயலாளர் நின்றார். கயிற்றை அவர் கையில் திணித்து, "சார், என்ன ஆனாலும் விட்றாதீங்க" என்று கத்திவிட்டு மாமா மூதேவிக்காக உள்ளே ஓடினார்.

நான் தண்ணீர் வாளியோடு வந்துகொண்டிருந்தேன். "பாவம், எங்கயாவது போய் பிழைச்சுக்கட்டும்" என்றார் செயலாளர். பெரிய கருணை வள்ளல்! கண்கட்டை அவிழ்த்தார், கயிற்றைக் கழற்றினார், கைக்குட்டையால் கையைத் துடைத்துக்கொண்டார். தண்டம் நேராகத் தன் கொட்டடிக்கு ஓடியது. மூதேவியை இழுத்துக்கொண்டு வெளியே வந்த மாமாவை உரசிக்கொண்டேதான் உள்ளே போனது. மூதேவியை விட்டால் அதுவும் பின்னாலேயே போகும். கயிற்றை விடாமல் நின்ற இடத்தில் நின்று கத்தினார்.

"டேய் தண்டம்! வாடா! வாடா நாயே!"

கூரை விழும்வரை கத்தினார். அந்த லாயத்தில் மூதேவி ஒன்றுதான் மிஞ்சியது.

அப்புறம் ஊரே துக்கம் கொண்டாடியது. ஆமாம், கொண்டாடியது என்றுதான் சொல்வேன். பணம் கட்டித் தோற்றுவிட்டுக் குதிரையின் பரம்பரையையே திட்டியவர்கள் பூங்கொத்தோடு வந்தார்கள். முதலாளிகள் கறுப்புக் கண்ணாடியோடு வந்து படம் எடுத்துக்கொண்டார்கள். நிஜமாகவே துக்கப்பட்டவர்கள் பின்பக்கம் இருந்தார்கள். லாடம் அடிக்கிறவர் உலையைப் பற்றவைக்க மனம் வராமல் குந்தியிருந்தார். குதிரைக்காரர்கள் பழக்கதோஷத்தில் காலையில் வாளியை நிரப்பிவிட்டு, எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார்கள்.

செயலாளர் மூளையில் ஒரு யோசனை உதித்தது. மெழுகுவர்த்தி அஞ்சலி! தீயில் வெந்து செத்த ஜீவன்களுக்குத் தீயை வைத்தே அஞ்சலி. அடேங்கப்பா, என்ன மூளை! சுற்றிலும் மெழுகுவர்த்தி, நடுவில் வெறும் சேணத்தோடு மூதேவி. தீக்குச்சி கிழிக்கிற சத்தத்துக்கே அது நடுங்கிக்கொண்டிருந்த நேரம்.

மூதேவியின் பயிற்சியாளர் எங்கள் வீட்டுக்கே வந்து மாமாவிடம் சொன்னார். "வரலைன்னா உனக்கு வேலையும் இல்ல, குதிரையும் இல்ல. அத வேற ஆள் கூட்டிட்டு வருவான்."

"போகாதீங்க, வேலை போனா போகுது" என்றாள் அக்கா.

"வேற எவனாவது பிடிச்சா விட்டுடுவான்டி" என்றார் மாமா.

"அன்னிக்கு விட்டது யாருன்னு நான் போய் சொல்றேன் மாமா" என்றேன்.

"சும்மா கிட. என்னை வெளிய அனுப்பிட்டா அப்புறம் மூதேவிக்கு யாரு இருக்கா?"

அஞ்சலி நாளன்று மூதேவிக்கு நான் தைத்த கண்மறைப்பைப் போட்டோம். புகை நாற்றம் தெரியாமலிருக்க மூக்கில் தைலம் தடவினோம். மாமா வாய்க்குள்ளேயே திட்டிக்கொண்டு அதை நடத்திப் போனார். தோல் முழுக்க நடுங்கினாலும் அந்தத் திட்டைக் கேட்டபடி கூடவே போனது.

செயலாளர் மைக்கைப் பிடித்தார். "தப்பி வந்த குதிரைகூட நண்பர்களைப் பிரிய மனமில்லாமல் மீண்டும் தீக்குள் பாய்ந்தது. என்ன ஒரு பாசம்!" கூட்டம் மூக்கைச் சிந்தியது. எனக்குக் காறித் துப்ப வேண்டும்போல் இருந்தது. பேசி முடித்துவிட்டு, மைக் ஒரு கையில் இருக்க, இன்னொரு கையை மாமாவிடம் நீட்டினார்.

"கயித்த குடுப்பா, ஒரு போட்டோ எடுத்துக்கலாம்."

மாமா அந்தக் கையைப் பார்த்தார். "ஒரு தடவ குடுத்தேன் சார்" என்றார். மைக் அதை மைதானம் முழுக்கச் சொன்னது. "தண்டத்த உங்க கையிலதான் குடுத்தேன். நீங்க விட்டுட்டீங்க."

மாமா மூதேவியைத் திருப்பினார். லாடம் அடிக்கிறவர் வந்து பூட்ஸ் காலால் மெழுகுவர்த்திகளை மிதித்து அணைத்தார். குதிரைக்காரர்களும் சேர்ந்துகொண்டார்கள். அந்த வழியாக மாமாவும் மூதேவியும் வெளியே போனார்கள்.

மறுநாளே மாமாவுக்கு வேலை போயிற்று. செயலாளர் இன்னும் செயலாளர்தான். வெட்கமாவது, மானமாவது! புதிதாக வந்த ஆள் தங்கமே, வைரமே என்று கொஞ்சிப் பார்த்தான். மூதேவி வாளியை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. விலா எலும்பு தெரிய ஆரம்பித்ததும் பயிற்சியாளர் எங்கள் வாசலில் வந்து நின்றார்.

"வந்து ஒரு வார்த்த திட்டிட்டுப் போப்பா. உன் வேலைக்கு நான் பொறுப்பு."

மாமா செருப்பைக்கூட மாட்டாமல் கிளம்பினார். நானும் பின்னால் ஓடினேன். தற்காலிகக் கொட்டகையில் வாளியை வைத்து, "தின்னு, மூதேவி. யாருக்கு இந்த வீம்பு?" என்றார். அது தலையைக் குனிந்து தின்ன ஆரம்பித்தது. அவர் எப்போதும் பக்கத்துக் கொட்டடியைப் பார்த்துத் திரும்புகிற மாதிரியே திரும்பினார்.

"ஏன்டா தண்டம், உனக்கு வேற..."

அங்கே தகரச் சுவர்தான் இருந்தது. மாமா அப்படியே வாளிப் பக்கத்தில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார். மூதேவி தின்பதை நிறுத்திவிட்டு, காதை அந்தத் தகரத்துப் பக்கம் திருப்பிக்கொண்டு நின்றது.