கேலோங் கம்பம் வரை

காலை ஐந்து மணிக்குக் கோலாலம்பூரை விட்டோம். லாரியின் முதுகில் எங்கள் தேசிய நீர்ச்சறுக்குச் சங்கத்தின் ஒரே வேகப்படகு. நாடு சுதந்திரம் வாங்கிச் சங்கமும் தொடங்கியாயிற்று. இரண்டாவது படகுக்குத்தான் வழியில்லை. ஊர் ஊராக அதை இழுத்துப்போய், நானே ஓட்டி, சறுக்குபவர்களைச் சோதித்துத் தேசிய அணிக்குப் பெயர் கொடுப்பது என் வேலை. மலாக்காவுக்குத் தொண்ணூறு மைல். சிரம்பானில் இருவருக்கும் ரொட்டி சானாயும் தேநீரும் எழுபது காசு.

"எழுவது காசா? பகல் கொள்ளை சார் இது!" என்றார் லாரி ஓட்டுநர் முனியாண்டி. தம்பின் வரும்வரை அதையே சொல்லிக்கொண்டு வந்தார்.

ஒன்பது மணிக்கு மலாக்காவின் காஜா பெராங்கில், செட்டிகள் வாழும் கம்போங் செட்டிக்குள் நுழைந்ததும் லாரியை நிறுத்தச் சொன்னேன். தெருவெங்கும் வேப்பிலைத் தோரணம். மாரியம்மன் திருவிழா! நான் சோதிக்க வந்த தேவி வாசலில் நின்றாள். இடது மணிக்கட்டில் மஞ்சள் காப்பு. பக்கத்தில் அவள் தந்தை ராஜா பிள்ளை, கோயில் காரியங்களைப் பார்ப்பவர். அவர் கையிலும் காப்பு. கட்டியவர்கள் திருவிழா முடியும்வரை ஊர் எல்லையைத் தாண்டக்கூடாது.

"முன்னாலேயே சொல்லித் தொலைப்பதற்கென்ன?" என்று கத்தினேன்.

"தேதிய நீங்க மாத்தினதே முந்தாநாள்தானே, துவான்?" என்றாள் தேவி.

துவான் என்றால் மலாயில் ஐயா. இந்த மலாக்காச் செட்டிகள் பரம்பரையில் தமிழர்கள், ஆனால் பேசுவது மலாய்தான். சாமி, காப்பு, பூசை என்று சில சொற்கள் மட்டும் தமிழ். நானும் மலாயில்தான் பேசினேன், இங்கே தமிழில் தருகிறேன்.

தேர்வுக் குழு மறுநாள் கூடுகிறது. இன்று விட்டால் அவளுக்கு இந்த ஆண்டு அணியில் இடமில்லை. தண்ணீரில் ஆறு மிதவைகளையும் சுற்றி, இரு மிதவைகளுக்கு நடுவிலுள்ள கடைசி வாயிலைப் படகு இழுக்கும் கயிற்றை விடாமல் கடக்க வேண்டும். அவ்வளவுதான். ஆனால் அந்தக் கடைசி வாயில் எங்கே விழும் என்பதில்தான் சிக்கல்.

"கடல்லயும் எல்லை இருக்கு," என்றார் ராஜா பிள்ளை. "கிளேபாங் கடற்கரைக்கு நேரா அந்தக் கேலோங் வரைக்கும் நம்ம ஊரு. அதுக்கப்புறம் இல்ல."

கேலோங் என்பது கடலில் மூங்கில் கம்பங்களை நட்டு மீன் பிடிக்கும் பட்டி. பத்து மணிக்குக் கிளேபாங் கரையில் நின்று அளந்து பார்த்தேன். கரையோரம் முழுக்கச் சேறு. ஆழம் உள்ள இடத்தில் மிதவைகளைப் போட்டால் கடைசி வாயில் கேலோங்கைத் தாண்டித்தான் விழுந்தது. எப்படித் திருப்பிப் போட்டாலும் அதே கதை. கடல் நீரும் வடியத் தொடங்கிவிட்டது.

அதோடு முடியவில்லை. படகில் பின்பக்கம் திரும்பி உட்கார்ந்து சறுக்குபவரையே பார்க்க ஓர் ஆள் வேண்டும். அவர் வாக்குதான் தீர்ப்பு. நேரே மலாக்காவுக்கு வருவதாகச் சொன்ன சங்கத்துக்காரர் பதினொரு மணிக்கும் வந்து சேரவில்லை. மனத்துக்குள் அவரை வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

"நான் உக்கார்றேன்," என்றார் ராஜா பிள்ளை. "ஒரு பேச்சு. கேலோங் வந்ததும் நீங்க குரல் குடுங்க. நான் 'பேலோக்'னு சொன்னா படகத் திருப்பணும். அதுவரைக்கும் எவ்வளவு முடியுதோ முடியட்டும்."

சம்மதித்தேன். வேறென்ன செய்ய?

முழங்கால்வரை கால்சட்டையும் கட்டம்போட்ட சட்டையுமாகத் தேவி தண்ணீரில் இறங்கினாள். கயிறு விறைத்தது. எழுந்தாள். எனக்கு முன்னால் கடல் மட்டும்தான். அவளை நான் பார்க்க முடியாது. முதுகுக்குப் பின்னால் ராஜா பிள்ளை எண்ணினார்.

"ஒண்ணு... ரெண்டு... மூணு..." குரல் ஏறிக்கொண்டே போனது. "நாலு! அடி என் தங்கமே, அஞ்சு!"

கேலோங் கம்பங்கள் முகத்துக்கு நேரே வந்தன.

"கேலோங்!" என்று கத்தினேன்.

பதில் இல்லை. ஒரு மூச்சு நேரம்தான் இருக்கும்.

"தெருஸ்!" என்று அலறினார். நேரே போ என்று அர்த்தம். "தேவி, ஆறு வந்துடுச்சு! விடாதே! கயித்த விடாதே!"

படகு கேலோங்கைத் தாண்டியது. மறுகணம் படகு இலேசாகத் துள்ளியது. கயிற்றில் எடை குறைந்தால் அப்படித்தான் துள்ளும். எனக்குப் புரிந்துவிட்டது.

வேகத்தைக் குறைத்தேன். விதிப்படி கேட்டே ஆக வேண்டும். கடவுளே, பொய் சொல்லித் தொலையட்டும் என்று மனம் அடித்துக்கொண்டது.

"வாயிலைக் கடந்தாளா?"

அவர் கண்களில் நீர் வழிந்தது. துடைக்கவில்லை. "தா," என்றார். செட்டிகளின் மலாயில் 'இல்லை' என்று அர்த்தம். "ஆறையும் சுத்திட்டா. அப்புறம் விட்டுட்டா."

திரும்பிப் போனோம். கம்பங்களுக்கு இந்தப் பக்கம், கழுத்தளவு தண்ணீரில் தேவி மிதந்தாள்.

"நான்தான் விடாதேன்னு சொன்னேனே!" என்றார் அப்பா. "சாமிகிட்ட நான் பேசிக்குவேனே!"

"நீங்க பேசலாம்ப்பா. ஆனா இந்தக் காப்ப கட்டிக்கிட்டது நான்தானே."

பிற்பகல் இரண்டு மணிக்குப் படகை லாரியில் ஏற்றினோம். சாப்பிட்டுப் போகச் சொன்னார்கள். நேரமாகிவிட்டது என்று மறுத்தேன். ராஜா பிள்ளை வழியனுப்ப வரவில்லை. எல்லை தாண்டியவர் என்ன செய்ய வேண்டும் என்று பூசாரியிடம் கேட்கப் போயிருப்பதாகத் தேவி சொன்னாள்.

"பாஸா, பெயிலா சார்?" என்றார் முனியாண்டி.

"பெயில்."

மலாக்காவின் எல்லைக் கல்லைக் கடந்தபோது லாரி சற்றும் வேகம் குறைக்கவில்லை. கோலாலம்பூரில் நான் நினைத்தபோது வெளியே போகிறேன், வருகிறேன்; என்னைத் தடுக்க ஒரு கம்பமும் கிடையாது. அன்று அதை நினைத்து எனக்குப் பெருமையாக இல்லை. மறுநாள் குழுவின் முன் எழுந்து நின்று, தேவியின் பெயரைச் சொல்லி, "தகுதி பெறவில்லை" என்றேன்.