மச்சான் சொன்ன அடுத்த மாதம்

எங்கள் மொட்டை மாடியின் நாலு மூலையிலும் கம்பிகள் நீட்டிக்கொண்டு நிற்கும். மேலே ஓர் அறை கட்டுவோம் என்று நம்பி விட்டவை. செஞ்சியில் பாதி வீடுகளுக்கு இந்தக் கொம்பு உண்டு. எங்கள் வீட்டுக் கொம்பு கூடுதலாகத் துருப்பிடித்ததற்குக் காரணம் நான். அறைக்கென்று வைத்திருந்த பணத்தைச் சென்னையில் ஒரு சின்ன மென்பொருள் கம்பெனியின் பங்குகளில் போட்டிருந்தேன்.

அரிசி ஆலைகளுக்கென்று புதிதாக ஒரு மென்பொருள் செய்துகொண்டிருந்தார்கள். நெல் மூட்டைகளுக்கு நடுவே வளர்ந்தவனுக்கு இது போதாதா? போதாததற்கு, மனைவியின் தம்பி அங்கேதான் வேலை பார்த்தான். மற்றவர்கள் அறிக்கை படித்து முதலீடு செய்தார்கள். என்னிடம் மச்சானே இருந்தான்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்கு வெளியிடுவார்கள். லாபம் சுமார், மென்பொருள் தாமதம். உடனே போன் போடுவேன்.

“இன்னாடா, எப்பதான் வரும்?”

“அடுத்த மாசம் மாமா. டெஸ்டிங் போயிட்டிருக்குது.”

“வித்துடட்டுமா?”

“ஐயோ, இப்ப போய் யாராவது விப்பாங்களா? வெச்சிருங்க.”

வைத்திருந்தேன். விலை படிப்படியாக இறங்கியது. நான் எங்கள் ஊர் ராஜகிரி மலைபோல் அசையாமல் இருந்தேன்.

இந்தத் தடவை லாபம் நன்றாக ஏறியிருந்தது. அரைக் கிலோ ஜாங்கிரியோடு வீட்டுக்குப் போனேன். நான் விளக்க விளக்க, மனைவி ஒன்றைக்கூட எடுக்கவில்லை. அவளுக்குப் புரியவைக்கத்தான் அறிக்கையை முதல்முறையாக முழுக்கப் படித்தேன். விற்பனை ஏறவே இல்லை. சம்பளச் செலவுதான் சரிந்திருந்தது. அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி: புதிய மென்பொருள் நிறுத்திவைக்கப்பட்டது, குழு கலைக்கப்பட்டது. தேடிப் பார்த்தால் போன அறிக்கையிலும் அதே வரி. ஆயிரம் பக்க நாவலில் அடிக்குறிப்பைக்கூட விடாதவன் நான். அந்த அறிக்கை வந்த அன்றைக்கு மச்சானோடு போனில் இருந்துவிட்டேன்.

“அப்ப உன் தம்பி வேலை?”

மனைவி ஜாங்கிரி டப்பாவை மூடினாள். “போயி அஞ்சு மாசம் ஆவுது.”

“எங்கிட்ட ஏன் சொல்லல?”

“சொன்னா சும்மா இருப்பீங்களா? அடுத்த கல்யாணத்துல நடிச்சே காட்டுவீங்க.”

அவன் பைக்கிலிருந்து விழுந்ததை மூன்று கல்யாணங்களில் நடித்திருக்கிறேன். ஆனாலும், போன தடவை நான் “வித்துடட்டுமா” என்று கேட்டபோது இவள் பக்கத்தில் உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். எனக்கு வேண்டியிருந்த ஒரே செய்தி ஐந்து மாதமாக என் அடுப்படியிலேயே இருந்திருக்கிறது.

மச்சானைக் கூப்பிட்டேன். “உன்கிட்ட இருந்த பங்கு?”

“வேலை போன வாரமே வித்துட்டேன் மாமா.”

“என்னை மட்டும் ஏண்டா வெச்சிருக்கச் சொன்ன?”

“வித்துடுங்கன்னா ஏன்னு கேப்பீங்க. அப்புறம் வேலை போனது தெரிஞ்சுடும்.”

போனை வைத்துவிட்டேன்.

மறுநாள் எல்லாவற்றையும் விற்றேன். வந்த பணத்துக்கு நாலு சுவரில் இரண்டை எழுப்பலாம். “ரூம் போட்டா தம்பி இங்க வந்து தங்கி வேலை தேடுவான்,” என்றாள் மனைவி.

கம்பிகள் மேலும் துருப்பிடிக்காமல் இருக்கச் சிமெண்ட் பூச ஒரு கொத்தனாரை வரவழைத்தேன்.

“மேல ரூம் எப்ப சார் போடப் போறீங்க?”

“அடுத்த மாசம்,” என்றேன்.